ஐந்தாம் படிவம், 1968 – பகுதி 11: இருபத்தைந்து வெள்ளி

மூன்றாம் கிரேடுக்காரர்களை விட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்கு வரச் சொல்லி வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். வர மாட்டேன். முதல் கிரேடு வாங்கியவர்களின் பெயர்கள் பள்ளி மலரில் இருக்கின்றன. மண்டபத்துப் பலகையில் தங்க எழுத்தில் இருக்கின்றன. அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. எங்கள் வகுப்பின் சிரிப்பெல்லாம் பின்வரிசையில் உண்டானது. அதை எழுதிவைக்க எந்தப் பலகையும் இல்லை. அதற்காகத்தான் இந்தத் தொடரையே தொடங்கினேன்.

ரிமூவ் வகுப்புக் கதை சென்ற இதழோடு முடிந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நாங்கள் ஓராண்டு கூடுதலாகப் படித்து, மற்றவர்களைவிட ஒரு வயது மூத்தவர்களாக ஐந்தாம் படிவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் பிரிவுபசார விருந்து என்று அறிவித்திருந்தேன். விருந்துக்கு முன்னால் ஓர் இருபத்தைந்து வெள்ளியைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

1964ஆம் ஆண்டு பினாங்கிலிருந்த சினாரான் பிரதர்ஸ் என்ற பதிப்பகத்துக்கு ஒரு படக்கதை போய்ச் சேர்ந்தது. ‘தீகா செக்காவான்’ என்று பெயர். மூன்று நண்பர்கள் கூடித் திருடர்களைப் பிடிக்கிற கதை. வரைந்தவர் அதற்கு முன்பும் வேறு இடங்களில் முயன்று தோற்றவர். இந்த முறை பதிப்பகத்தாருக்குப் பிடித்துவிட்டது. அச்சிட்டார்கள். யாரோ வளர்ந்த ஆள் வரைந்தது என்று நினைத்து 25 வெள்ளி சன்மானமும் கொடுத்தார்கள். வரைந்தவனுக்கு வயது 13.

அந்தப் பையன்தான் முகமது நோர் காலிட். கோப்பெங் பக்கம் கோத்தா பாருவில் 1951 மார்ச் 5ஆம் தேதி பிறந்தவர். லாட் என்றால் மலேசியாவில் தெரியாதவர் இல்லை. அவருடைய ‘கம்பத்துப் பையன்’ 1979இல் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1981இல் வந்த ‘பட்டணத்துப் பையன்’ முழுக்க முழுக்க ஈப்போவின் பள்ளிக்கூட நாள்களைப் பற்றியது. லாட் படித்தது 1909இல் தொடங்கிய அண்டர்சன் பள்ளியில். நான் படித்தது அதே ஊரில் வேறொரு பள்ளியில். அவரை எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. ஆனால் 1964இல் அவர் 25 வெள்ளியை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் முதல் படிவத்தில் இருந்தோம். எங்கள் வயதுப் பையன் ஒருவன் பெரியவர்களின் உலகத்திலிருந்து சம்பளம் வாங்கியிருக்கிறான். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது!

அன்றைக்கு 25 வெள்ளி என்பது என்ன? பால்மரம் வெட்டுகிற ஓர் ஆளின் பல நாள் கூலி. எங்கள் லயத்தில் அவ்வளவு காசு ஒன்றாகக் கைக்கு வந்தால் முதலில் கடைக்காரரின் கடன் அடையும், பிறகு மாரியம்மன் கோயில் வரி, மீதியில் பிள்ளைக்கு ஒரு சட்டை. படம் வரைந்தால் இது கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் அம்மாக்கள் கரித்துண்டை எங்கள் கையில் கொடுத்து லயத்துச் சுவரைக் காட்டியிருப்பார்கள்.

இதைவிட என்னைக் கூத்தாட வைத்த செய்தி இன்னொன்று. 1968 கடைசியில் லாட் சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதினார். நாங்கள் எழுதிய அதே பரீட்சை. கிடைத்தது மூன்றாம் கிரேடு. ஆறாம் படிவத்துக்குப் போக அது போதவில்லை. அவருடைய பள்ளிப் படிப்பு அங்கே முடிந்தது. எங்கள் செட், எங்கள் ஊர், எங்கள் கிரேடு! இந்தத் தொடரில் நான் வாரா வாரம் சொல்லிவருவதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் கொடுப்பார்கள். ஒன்று உச்சம், ஒன்பது தோல்வி. நன்றாகச் செய்த பாடங்களின் எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறையக் குறைய மேல் கிரேடு. விடைத்தாள்கள் இங்கிலாந்துக்குப் போகும். முடிவு அடுத்த ஆண்டுதான் வரும். இடைப்பட்ட மாதங்களில் நாங்கள் மாணவர்களும் இல்லை, வேலைக்காரர்களும் இல்லை. முதல் கிரேடு என்றால் ஆறாம் படிவம். இரண்டாம் கிரேடு என்றால் ஆசிரியர் பயிற்சி, அரசாங்க குமாஸ்தா வேலை என்று நாலு இடத்தில் விண்ணப்பம் போடலாம். மூன்றாம் கிரேடு என்றால் பாஸ். அவ்வளவுதான், பாஸ்.

லாட் கோலாலம்பூருக்குப் போனார். பெரித்தா ஹரியான் பத்திரிகையில் ஓவியர் வேலை கேட்டார். இடமில்லை என்றார்கள். அங்கே ஆசிரியராயிருந்த அப்துல் சமாட் இஸ்மாயில் செய்தியாளர் வேலை தருகிறேன் என்றார். 1970இல் சேர்ந்தார். கொடுத்தது குற்றச் செய்திப் பிரிவு. தமக்கு அந்த வேலை வரவில்லை, தோற்றுவிட்டோம் என்று நினைத்து லாட் ராஜினாமாக் கடிதம் கொடுக்க, சமாட் கோபப்பட்டு அதை ஏற்க மறுத்துவிட்டார். அந்தக் கோபத்துக்கு நாடே நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மலாய்ப் பையன்களின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி லாட் வரைந்த படங்கள் 1974இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஏஷியா மேகசினில் வெளியாயின. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் தலைமையாசிரியர் லீ சியூ யீ பார்த்தார். இப்படிப்பட்ட கலைஞன் நம்மிடம் ஏன் இல்லை என்று கொதித்தார். அவன் இதே நிறுவனத்தில், இதே கட்டடத்தில்தான் குற்றச் செய்தி எழுதிக்கொண்டிருக்கிறான் என்று சமாட் சொன்னார். மலேசிய வாழ்க்கைக் காட்சிகள் என்ற லாட்டின் புகழ்பெற்ற பத்தி அப்படித்தான் பிறந்தது. இதற்கும் முன்பே, 1968இல், ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதே, பெரித்தா மிங்குவில் ‘சி மாமாட் குடும்பம்’ என்ற தொடரைத் தொடங்கி 26 ஆண்டுகள் வரைந்திருக்கிறார். 1994இல் பேராக் சுல்தான் டத்தோ பட்டம் கொடுத்தார். பலகையில் பெயர் ஏறாத மூன்றாம் கிரேடு!

‘பட்டணத்துப் பையன்’ வைத்திருப்பவர்கள் இன்று இரவே எடுத்துப் பாருங்கள். கதைசொல்லிக்கு ஃபிராங்கி என்றொரு சீன நண்பன். பெற்றோர் காப்பிக்கடை வைத்திருக்கிறார்கள். மாடியில் இரண்டு பேரும் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டுக் கேட்டே நண்பர்களானவர்கள். வகுப்பறைப் பக்கங்களில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு தனிக்கதை நடக்கும். ஒருவன் தூங்குவான், ஒருவன் பக்கத்தவன் காதில் ஏதோ செய்வான். பின்வரிசையில் உட்கார்ந்து முன்னால் இருக்கும் எல்லாத் தலைகளையும் பார்த்தவனால்தான் அப்படி வரைய முடியும். கடைசியில் ஃபிராங்கி மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகிறான். 1917இல் திறந்த நம்முடைய அந்த வெள்ளை ரயில் நிலையத்தில் விடைபெறுகிறான். நம் ஊரின் பாதி நட்புகள் அந்த மேடையில்தான் பிரிந்தன.

சரி, எங்கள் வகுப்புக்கு வருகிறேன்.

எங்களிடமும் ஓர் ஓவியன் இருந்தான். தம்பூன் பக்கத்திலிருந்து வந்த மலாய்ப் பையன். உயிரியல் பாடத்துக்குத் தவளையின் உள்ளுறுப்புகளை வரைந்துவரச் சொன்னால் எங்களில் பாதிப் பேருக்குக் கை நடுங்கும். அவன் படத்துக்குப் பத்துக் காசு என்று வரைந்து கொடுத்தான். காசில்லாதவர்கள் புந்தோங் கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம் கொடுத்தால் போதும். ஆசிரியர் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். முதல் நோட்டில் தவளை இடப்பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்த நோட்டிலும் அதே தவளை, அதே சிரிப்பு. வயிறு கிழிந்து குடல் வெளியே கிடக்கிறது, முகத்தில் ஆனந்தம். வகுப்பின் பின்பாதி முழுக்க அந்தத் தவளை சிரித்தது. ஆசிரியர் ரோத்தானை எடுத்தார், ஆனால் அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை. ஓங்கிய கையை இறக்கி, “அடுத்த முறை கொஞ்சம் வலியும் தெரியட்டும்” என்று ஓவியனிடம் சொன்னார். அடுத்த வாரக் கரப்பான்பூச்சி கண்ணீர் விட்டது.

இன்னொன்று, ரப்பர் மரத்தைப் பார்க்கப் போன சுற்றுலா. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அந்த வழியில் வந்த கன்றுகளில் ஒன்பது 1877இல் குவாலா கங்சாரில் நடப்பட்டன. ஹியூ லோ பேராக்கில் ரெசிடெண்டாக இருந்த காலம். அவற்றில் மிஞ்சிய ஒரு மரம் இன்னும் அந்த ஊர் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. பார்க்க வேண்டிய மரம்தான். நம் தாத்தாக்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த வம்சத்தின் மூத்த கிளை அது. ஆனால் எங்கள் சரித்திர ஆசிரியர், ஈப்போப் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர், அங்கே வரிசையில் நின்ற தோட்டத்துப் பையன்களிடம் மிகுந்த பூரிப்போடு, “நன்றாகப் பாருங்கள், இதுதான் ரப்பர் மரம்” என்றார்.

நாங்கள் பார்த்தோம். விடியுமுன் எழுந்தால் பார்ப்பது அதைத்தான். இருட்டில் மோதிக்கொள்வது அதில்தான். சனி ஞாயிறுகளில் அம்மாவுக்கு மங்கு துடைத்துக் கொடுத்து, ஒட்டுப்பால் இழுத்து, அந்தக் கறையோடு திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையில் பள்ளிக்கு வருகிறவர்கள் நாங்கள். அந்தக் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. எங்களில் ஒருவன் முன்னால் போய்ப் பட்டையைத் தடவினான், குனிந்து பார்த்தான், நிமிர்ந்து ஆசிரியரிடம் மிகவும் வருத்தத்தோடு சொன்னான்: “சார், இதை வெட்டினவன் காயம் போட்டிருக்கான் சார். கங்காணி பார்த்தா அரை நாள் சம்பளம் புடிச்சிருவாரு.” ஆசிரியர் குறிப்பேட்டை மூடிவைத்தார். அடுத்த அரை மணி நேரம் அவன்தான் பாடம் நடத்தினான். கத்தியை எப்படிப் பிடிப்பது, எந்தச் சாய்வில் இறக்குவது, மழை பெய்த காலையில் ஏன் வெட்டக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னான். பட்டணத்துப் பையன்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். சரித்திர ஆசிரியர் எழுதிக்கொண்டார்.

மரத்துக்கு முன்னால் பாடம் நடத்தியவன்தான் எங்கள் ஜூலியஸ் சீசர். பெயர் வேண்டாம், சீசர் என்றே சொல்கிறேன். வகுப்பில் இன்றுவரை எல்லாருக்கும் அவன் சீசர்தான்.

பரிசளிப்பு நாளுக்கு ஷேக்ஸ்பியரின் நாடகத்திலிருந்து கொலைக் காட்சியைப் போட வேண்டும் என்று இங்கிலீஷ் ஆசிரியர் முடிவு செய்தார். மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் வகுப்பில் ஒருவனுக்குத்தான் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஆண்டுதோறும் நாடகம் போட்டு வளர்ந்த குரல் அது. அவன் அபிமன்யுவாகச் செத்திருக்கிறான், கர்ணனாகச் செத்திருக்கிறான், ஒரு சமூக நாடகத்தில் காசநோய் வந்தும் செத்திருக்கிறான். தோட்டத்து ஜனங்களுக்கு அவன் சாகிற அழகு பிடிக்கும். ஒத்திகையில் ஆசிரியருக்கும் பிடித்துவிட்டது.

நாடகத்தன்று சீசரின் அப்பா, அம்மா, சித்தப்பா, லயத்துக்காரர்கள் என்று ஒரு லாரி ஆள் வந்து கடைசி வரிசைகளில் உட்கார்ந்தார்கள். அவர்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு பிள்ளை ராஜா மாதிரி வருகிறான், கூட இருப்பவர்கள் சூழ்ச்சி செய்கிறார்கள், குத்துகிறார்கள். இது யாருக்குப் புரியாது? சிகரெட் ஈயத்தாள் ஒட்டிய அட்டைக்கத்திகள் இறங்கின. சீசர் தள்ளாடினான், தூணைப் பிடித்தான், புரூட்டஸைப் பார்த்தான், மண்டபம் மூச்சுவிடாமல் இருக்க மெல்லச் சரிந்து விழுந்தான். ஒரு கணம் நிசப்தம். கடைசி வரிசையில் சித்தப்பா எழுந்து நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துக் கத்தினார்: “ஒன்ஸ்மோர்!”

ரத்தத்தில் ஊறிய பழக்கம். தோட்டத்து மேடையில் ஒன்ஸ்மோர் கேட்டால் எழுந்துதான் ஆக வேண்டும், இல்லையென்றால் ஜனங்கள் கோபித்துக்கொள்வார்கள். சீசர் எழுந்தான். போர்வையைச் சரிசெய்துகொண்டான். சதிகாரர்கள் பக்கம் திரும்பித் தயாராக நின்றான். மெங்லெம்புவிலிருந்து வந்த எங்கள் புரூட்டஸ் ஒழுக்கமான சீனப் பையன். “நீ செத்துப்போயிட்ட லா, படு” என்று இங்கிலீஷில் கெஞ்சியது முன்வரிசைக்கே கேட்டது. சீசர் அசையவில்லை. வேறு வழி தெரியாமல் புரூட்டஸ் மறுபடியும் குத்தினான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து குத்தினார்கள். இரண்டாவது சாவு முதலாவதைவிட நீளமாகவும் இன்னும் நன்றாகவும் இருந்தது. சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். ஷேக்ஸ்பியர் எழுதியதே அப்படித்தான் என்று அவர் நினைத்திருக்கக் கூடும்.

அந்த நாள் முதல் பள்ளி மேடைகள் மீது எனக்குத் தீராத பாசம். 2009இல் யாஸ்மின் அகமது எடுத்த ‘டேலண்ட்டைம்’ படம் அண்டர்சன் பள்ளியில்தான் படமாக்கப்பட்டது. பள்ளிப் பாட்டுப் போட்டி ஒன்றைச் சுற்றிய கதை. காது கேளாத தமிழ்ப் பையன் மகேஷும் தமிழிலேயே பேசி அழுகிற அவன் அம்மாவும் அதில் இருக்கிறார்கள். ஈப்போப் பள்ளிக்கூடம் ஒன்றின் கதையில் தமிழ்த்தாய்க்கு இடம் கொடுக்க வேண்டும் என்று யாஸ்மினுக்குத் தோன்றியிருக்கிறது. அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள்.

இனி பரீட்சை முடிவு. வரிசைப்படி விருந்துதான் முதலில் வர வேண்டும். ஆனால் சீசரை மேடையில் இரண்டு முறை சாகவிட்டுவிட்டு அங்கேயே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

1969 மார்ச். ஈப்போ அரசியலின் சிங்கம் டி.ஆர். சீனிவாசகம் மறைந்த மாதம் அது, 15ஆம் தேதி. தேர்தல் மே 10ஆம் தேதி என்று இருந்தது. அதற்கு மூன்றாம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடிக்கப்போகிறது என்பது யாருக்கும் தெரியாது. அந்த நாள்களில் எங்கள் கவலையெல்லாம் கேம்பிரிட்ஜிலிருந்து வருகிற ஒரு துண்டுத்தாளைப் பற்றித்தான்.

சீசருக்கு மூன்றாம் கிரேடு. பஸ்ஸில் இறங்கி, செம்மண் சாலையில் நடந்து லயத்துக்குப் போனபோது அம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா வந்துச்சு?”

“மூணாம் கிரேடும்மா.”

அம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும்படி கூவினார்: “எம்மவன் மூணாவதா வந்துட்டான்!”

பக்கத்து வீட்டுக் கங்காணி ஓடிவந்தார். “மூணாவதா? பேராக்குலயா தம்பி, மலேசியா பூராவுக்குமா?”

சீசருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லவும் நா எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “பரிச்ச கேம்பிரிட்ஜு மாமா” என்றான். அது உண்மைதானே.

மறுநாள் விடியற்காலை பெரட்டில் கங்காணி ஆளெடுப்பதற்கு முன் அறிவித்துவிட்டார்: நம்ம தோட்டத்துப் பிள்ளை கேம்பிரிட்ஜிலேயே மூன்றாவது. சாயங்காலம் கோயிலில் சர்க்கரைப் பொங்கல். மாலை, சந்தனம். ஆயாக் கொட்டகைக் குழந்தைகளைக்கூடத் தூக்கிவந்து அவன் காலில் போட்டார்கள். அந்தக் குழந்தைகளின் படிப்புக்காக அவர்கள் தலையில் கைவைத்து அவன் ஆசீர்வாதம் செய்ய வேண்டியிருந்தது.

கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் கிரேடு என்றால் என்னவென்று தெரியும். அவர் தோட்டத்துக் கிராணி. அவரும் ஒருகாலத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதியவர். மாலையும் கழுத்துமாக நின்ற சீசர் கிராணியைப் பார்த்ததும் வெளிறிப்போனான். அவர் நெருங்கிவந்தார். சட்டைப்பையிலிருந்து தம்முடைய பவுண்டன் பேனாவை எடுத்து அவன் பையில் குத்தினார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

இரவு எல்லாரும் போன பிறகு சீசர் கிராணி வீட்டுக்குப் போய்ப் பேனாவை நீட்டினான். “ஐயா, உங்களுக்குத் தெரியும்...”

“தெரியும். இந்தத் தோட்டத்துலருந்து ஐந்தாம் படிவம் எழுதிப் பாஸ் பண்ணினவன் இதுக்கு முன்னால எத்தனை பேர்னு தெரியுமா?”

“தெரியாது ஐயா.”

“ரெண்டு பேரு. நீ மூணாவது. உங்கம்மா சொன்னது சரிதான். பேனாவ வச்சுக்க.”

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாலும், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் குரல் உடைந்துவிடுகிறது. கிராணி சொன்னது ஆறுதல் வார்த்தை இல்லை, சுத்தமான கணக்கு. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளிக்கூடம் வந்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார், பல வகுப்புகள். அதிகம் போனால் ஆறாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்கப் பட்டணத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அதற்கும் முன்னால் ஆறாம் வகுப்பு முடிவில் வடிகட்டுகிற தேர்வு ஒன்று இருந்தது. 1965இலிருந்துதான் அது இல்லாமல் எல்லாரும் மேலே போக முடிந்தது. எங்கள் செட் அதற்கு முந்தியது. வடிகட்டியில் தப்பியவன் ரிமூவ் வகுப்பில் ஓராண்டு, பிறகு மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ. என்று இன்னொரு வடிகட்டி. ஒவ்வொரு கட்டத்திலும் உதிர்ந்தவர்கள் மறுநாள் காலை பெரட்டில் நின்றார்கள், கையில் பால்வாளியோடு. அவ்வளவையும் தாண்டி கேம்பிரிட்ஜ் தாளில் பாஸ் என்ற எழுத்தைப் பார்த்தவனுக்கு மாலை போடாமல் வேறு யாருக்குப் போடுவது?

சீசருக்கு வேலை கிடைப்பதற்குள் மே 13 வந்துவிட்டது. அதன் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலைபார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி இறுகியது. அவன் அப்பாவிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. பேராக் மண்ணில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டிய மனிதர். விண்ணப்பம் போட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் கப்பலேறின. சீசரின் குடும்பமும் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. கேம்பிரிட்ஜில் மூன்றாவதாக வந்தவன் அம்மாவையும் அப்பாவையும் தனியே அனுப்ப மாட்டேன் என்று கூடவே போய்விட்டான். அதை எழுதும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அந்த அப்பாவுக்கு ஒரு பாரத்தை நிரப்பிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாத ஒரு நாடும் அதைக் கேட்கத் தெரியாத ஒரு தோட்டமும் சேர்ந்து எங்கள் வகுப்பின் சிறந்த நடிகனை இழந்தன.

அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை. ஒரு பாதியில் செம்பனை, மறுபாதியில் தாமான். லயம் இருந்த இடத்தில் வரிசை வீடுகளும் ஒரு துணி துவைக்கும் கடையும் இருக்கின்றன. மாரியம்மன் கோயில் மட்டும் இடம் மாறி, சின்னதாகி, சாலையோரம் நிற்கிறது.

சீசர் நலமாக இருக்கிறான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். இங்கிலீஷ் பாடம் எடுத்தானாம். ஆண்டு விழாக்களில் நாடகமும் போட்டானாம். தான் இப்போது சாவதில்லை, பிள்ளைகளுக்குச் சாகக் கற்றுக்கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறான். நீண்ட கடிதம். பிரிவுபசார விருந்தைப் பற்றி நான் கேட்டதற்கு நான்கு பக்கம் பதில் போட்டிருக்கிறான். என் நினைவில் இல்லாத பலதும் அதில் இருக்கின்றன. வெளியிலிருந்து வரவழைத்த பிரியாணி எந்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது, தலைமையாசிரியரின் உரைக்கு நடுவே மின்சாரம் நின்றபோது அந்த இருட்டில் பாடியது யார், புரூட்டஸ் எதற்காக மேடையேறி எல்லார் முன்னிலையிலும் சீசரிடம் மன்னிப்புக் கேட்டான் என்று எல்லாம் விவரமாக இருக்கிறது.

இதில் புரூட்டஸ் சொல்வது வேறு மாதிரி. அவர் இன்றும் மெங்லெம்புவில்தான் இருக்கிறார். நேற்றுத் தொலைபேசியில் அழைத்துக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பிரியாணி விஷயத்தில் சீசர் சொல்வது முழுப்பொய் என்கிறார். இரண்டு பேருடைய வாக்குமூலத்தையும் அடுத்த வாரம் அப்படியே தருகிறேன். அந்த விருந்தில் இருந்த மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், குறிப்பாக அன்று பரிமாறும் பொறுப்பில் இருந்த நாலாம் படிவத்துப் பையன்கள், வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதற்குள் வந்தால்தான் சேர்க்க முடியும்.

(தொடரும்)